மேசை நீளத்துக்கு ஒரு முதலை

பனியன் துணியை வந்தவுடனே வெட்டக் கூடாது. சாயம் போட்டு, காய வைத்து, மெஷினில் அழுத்தி இழுத்து, உருளையாகச் சுற்றி டெம்போவில் ஏற்றி அனுப்புவார்கள். உருளைக்குள் இருக்கிற வரைக்கும் அது இழுபட்டே இருக்கும். அப்படியே எடுத்து வெட்டித் தைத்தால் முதல் தண்ணீரிலேயே சுருங்கி, அப்பாவுக்கு எடுத்த பனியன் மகனுக்கு ஆகிவிடும். அதனால் உருளையைப் பிரித்து, மடிப்பு மடிப்பாகத் தளர்த்திப் பலகை மேல் போட்டுவிடுவோம். துணி தன்னுடைய சொந்த அளவுக்குத் திரும்பி வர அரை நாளாவது ஆகும். அது ஆறுகிற வரைக்கும் கட்டிங் மாஸ்டருக்குப் பெரிய வேலை இல்லை. மேசை காலியாகக் கிடக்கும்.

அப்படிப்பட்ட அரை நாள்களில்தான் நான் முதலைக் கதையை எழுதினேன். எழுதினேன் என்பதைவிட வரைந்தேன் என்பதுதான் சரி.

கண்ணுகளா, நீங்கள் இரண்டு பேரும் அந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். பாப்பாவுக்குப் பாதி ஞாபகம் இருக்கிறது. தம்பி அப்போது கைக்குழந்தை. அவனுக்கு இருப்பதெல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்த ஞாபகம். போன வாரம் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு இதற்காகச் சண்டையே போட்டீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுகிற எழுத்து. தப்பு இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது நான் பெருமாநல்லூர் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். தகரக் கூரை, இரண்டு வரிசை தையல் மெஷின், கடைசியில் ஒரே ஒரு கட்டிங் மேசை. ஆனால் மேசை நீளமான மேசை. இந்தக் கோடியில் நிற்பவர் அந்தக் கோடியில் நிற்பவரைக் கூப்பிட வேண்டுமென்றால் கொஞ்சம் சத்தமாகத்தான் கூப்பிட வேண்டும். புதுத் துணியின் வாசம், காற்றில் எந்நேரமும் மிதக்கிற பஞ்சு, யாரும் காது கொடுக்காமல் பாடிக்கொண்டிருக்கிற ரேடியோ. மத்தியான வெயிலில் தகரம் பொரியும். இன்றைக்கு நினைத்தால் அந்தப் பொரிகிற சத்தம்கூட நன்றாக இருந்ததாகத்தான் தோன்றுகிறது.

முதலாளி சொந்தமாகத் தோட்டம் வைத்திருக்கிற விவசாயி. விடியற்காலையில் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு, அந்த வேட்டியோடே கம்பெனிக்கு வருவார். என்கூடத் துணி விரிக்கிறவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். என்னைவிட வயதில் இளையவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் துணியைப் பிடித்து மேசை மேல் அடுக்கடுக்காக விரிப்போம்.

மார்க்கர் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேசை நீளத்துக்கு ஒரு பேப்பர். அதில் முன்பக்கம், பின்பக்கம், கை என்று வெட்ட வேண்டிய துண்டுகளை அட்டை வைத்து நெருக்கி நெருக்கி வரைந்திருப்போம். அடுக்கிய துணியின் தலைக்கு மேல் அந்தப் பேப்பரை விரித்து, கோட்டின் மேலேயே வெட்டுகிற மெஷினை ஓட்டினால் பேப்பரும் துணியும் சேர்ந்து துண்டாகும். இப்போது மார்க்கரை கம்ப்யூட்டரே போட்டுக் கொடுத்துவிடுகிறது. அப்போது எங்கள் கம்பெனியில் அதைப் போடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே படம் வரைகிற ஆசை. ஆசை இருந்ததே தவிர, எதையும் முடித்தது கிடையாது. கல்யாணமான புதிதில் நம் வீட்டுச் சுவரில் ஒரு மயில் ஆரம்பித்தேன். தலையும் கழுத்தும் வந்தது, அதற்குள் ஒரு ஆர்டர் வந்தது. அப்படியே நின்றது. பீரோவை நகர்த்தி மறைத்து வைத்தோம். வீட்டுக்கு யாராவது வந்தால் உங்கள் அம்மா பீரோவைக் காட்டுவாள்.

"அதுக்குப் பின்னால ஒரு மயிலு இருக்குதுங்க. வாலு இன்னும் மொளைக்கல. இவருக்கு நேரமில்லீங்களாமா."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் ஒரு மாதிரி இருக்கும். நேரமில்லை என்று நான் சொன்னது பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அது எனக்கே தெரியும்.

அந்த வருடக் கோடை லீவில் அமராவதி நகருக்குப் போனோம். அணைக்குப் பக்கத்தில் முதலைகளை அடைத்து வைத்திருக்கிற இடத்தில், கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பாப்பா வெகுநேரம் நின்றாள். அவை வாயைத் திறந்தபடி வெயிலில் அசையாமல் கிடந்தன.

"ஏனுங்கப்பா, இது வெய்யில்ல கெடக்குதே. ஒரு பனியன் போட்டுக்கலாமல்லங்க?"

"அது அளவுக்கு இன்னும் யாரும் வெட்டலை சாமி."

"நீங்க வெட்டுவீங்கல்ல. அது வந்து கேட்டா வெட்டித் தருவீங்களாங்க?"

வருகிற வழியில் பஸ்ஸில் இதே பேச்சுத்தான். அணையிலிருந்து ஒரு குட்டி முதலை தப்பித்து, ஆற்றோடு நீந்தி, தாராபுரத்தில் கரையேறி, ரோட்டு வழியாகத் திருப்பூருக்குப் பனியன் வாங்க வருகிறது. இறங்குவதற்குள் கதைக்குத் தலை வந்துவிட்டது.

கம்பெனியில் மேசைக்கு அடியில் ஒரு மார்க்கர் சுருட்டி வைத்திருந்தேன். குழந்தைகள் பனியனுக்கான ஆர்டர். மார்க்கர் போட்டு முடித்த பிறகு, வெளிநாட்டுப் பார்ட்டி கொஞ்சம் பொறுங்கள் என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் சத்தமே இல்லை. முதலாளியே ஒருநாள் சொல்லிவிட்டார், "அது இனி வராதுங்க மாஸ்டர், உடுங்க." ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் சுத்தமான வெள்ளை. அவ்வளவு நீளமாக ஒரு வெள்ளையை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

துணி ஆறுகிற நேரத்தில் அந்தப் பேப்பரைக் கவிழ்த்துப் போட்டு வரைய ஆரம்பித்தேன். அளவு போடுகிற பென்சில், நீலச் சாக்கட்டி, பாப்பாவின் உடைந்த கலர் பென்சில்கள். சேற்றுக்கு டீயைத் தொட்டு வைத்தேன். ஒரு நாளைக்கு ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம். சாயங்காலம் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றுவதற்குள் பாப்பா வந்து நிற்பாள்.

"இன்னைக்கு எங்கீங்கப்பா வந்திருக்குது?"

"தாராபுரம் பாலத்துக்கு அடியில. மேல ஏற வழி பாத்துட்டு இருக்குது."

மறுநாள் கரையேறும். அதற்கு அடுத்த வாரம் அவிநாசிபாளையம் டீக்கடை. முதலை டீ கேட்கிறது, கடைக்காரர் கிளாஸைப் பார்க்கிறார், முதலையின் வாயைப் பார்க்கிறார், பக்கெட்டில் ஊற்றிக் கொடுக்கிறார். இதைச் சொன்ன அன்றைக்குப் பாப்பா சிரித்து விக்கலெடுத்து, உங்கள் அம்மாவிடம் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

விருதுநகர்த் தம்பி கிண்டல் செய்வார். "அண்ணே, உங்க முதலை பஸ்ஸு ஏறியிருந்தா இந்நேரம் ரெண்டு ட்ரிப்பு போயிட்டு வந்திருக்கும்." ஆனால் டீயைக் கொண்டுவந்து பேப்பர் மேல் சிந்தாமல் தள்ளி வைப்பவரும் அவர்தான். பேப்பரில் முக்கால்வாசி தாண்டிவிட்டேன். இதை முடித்துவிடுவேன் என்று எனக்கே முதல்முறையாக நம்பிக்கை வந்தது. ஆரம்பித்த ஒன்றையாவது முடித்தவன் என்று என் பெண்ணுக்கு என்னைத் தெரிய வேண்டும். அதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே ஆசை.

அந்தச் சமயத்தில்தான் தம்பியின் காதுகுத்து வந்தது. குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து, கிடாவெட்டு. இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டுப் போனோம். மாமன் மடியில் உட்கார்ந்து தம்பி ஊரைக் கூட்டினான். மேளக்காரர்கள் அவனைவிடச் சத்தமாக அடித்தார்கள். என் போன் உங்கள் அம்மாவின் பையில், பலகாரத் தூக்குக்கு அடியில் கிடந்தது.

திரும்பி வந்து கம்பெனிக்குள் நுழைந்தபோது தையல் வரிசையில் ஒரே சிரிப்பு. ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்த அம்மிணி, எங்கள் எல்லோரையும்விட வாய் நீளமானவர், என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"மாஸ்டரண்ணா, இங்க வாங்க. என்ர கட்டுல ஆரோ பச்சையா ஒரு காலு வரஞ்சிருக்கறாங்க."

பக்கத்து மெஷினிலிருந்து இன்னொருவர், "காலு பரவால்லீங்க. எனக்குப் பல்லு மட்டும் வந்திருக்குது. காலைல கட்டை அவுத்ததும் பக்குனு ஆயிப்போச்சு."

"வாலு ஆர்கிட்ட இருக்குது? வாலு வெச்சிருக்கறவங்க கையத் தூக்குங்க."

வெட்டிய துண்டுகளைக் கட்டாகக் கட்டும்போது, அளவு தெரிவதற்காக மேலே இருக்கிற மார்க்கர் பேப்பரை அப்படியே விட்டுத்தான் தையலுக்கு அனுப்புவோம். ஒவ்வொரு கட்டின் தலையிலும் என் கதை ஒரு துண்டு உட்கார்ந்திருந்தது. கை வடிவத்தில் ஒரு பாலம். முதுகு வடிவத்தில் ஒரு டீக்கடை.

நடந்தது இதுதான். வராது என்று விட்ட ஆர்டர் வந்துவிட்டது. ஒரு வாரத்தில் சரக்குக் கப்பலுக்குப் போயாக வேண்டும் என்றிருக்கிறார்கள். மார்க்கர் ஏற்கனவே போட்டு ரெடியாக இருக்கிறது என்பது முதலாளிக்குத் தெரியும். பின்பக்கத்துக் கதை அவருக்குத் தெரியாது. விருதுநகர்த் தம்பிக்குத் தெரியும். அவர் மேசையின் ஓரத்தில் என் முகத்தைப் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"போன் மேல போன் அடிச்சேன்ணே. நீங்க எடுக்கல. வேற மார்க்கர் போட எனக்குத் தெரியாதுல்ல. ஓனரு நிக்காரு, துணி விரிச்சாச்சு. என்ன செய்யச் சொல்லுதீக?"

"நீங்க செரியாத்தான் வெட்டியிருக்கறீங்க," என்றேன். உண்மையிலேயே சரியாகத்தான் வெட்டியிருந்தார். ஒரு நூல் பிசகவில்லை.

"மெஷின் ஓடும்போது அடியில அது கிடக்குன்னு தெரியும்ணே. கையே வரல," என்றார்.

தைத்து முடித்தவர்கள் பேப்பரைக் கீழே போட்டிருந்தார்கள். பாதி, கட்டிங் வேஸ்ட்டோடு சேர்ந்து மூட்டையில் போய்விட்டது. மிச்சத்தைப் பொறுக்கி மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் அம்மா அன்றைக்கு என்னைக் கிண்டல் செய்யவில்லை. துண்டுகளைத் தரையில் பரப்பி, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தாள். "ஏனுங்க, தாராபுரத்தையே காணமே," என்றாள். பிறகு எல்லாவற்றையும் அடுக்கிப் பையிலேயே போட்டுவிட்டாள்.

பாப்பாவிடம் முதலை தூங்குகிறது என்று சொன்னேன். அடுத்த நாளும் தூங்குகிறது என்றேன். அப்புறம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகும் டெம்போ வந்தது. துணி பலகை மேல் ஆறிக்கொண்டிருந்தது. மேசை காலியாகக் கிடந்தது. பேப்பரும் இருந்தது, பென்சில் காதிலேயே இருந்தது. ஆனால் நான் போனை எடுத்து, யாரோ எங்கேயோ மீன் பிடிக்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நேரமில்லை, நேரமில்லை என்று அத்தனை வருடமும் சொன்னவனுக்கு முன்னால் நேரம் மேசை நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது. எனக்குக் கை நீளவில்லை. மறுபடியும் அணையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று நினைத்தாலே கண்ணைக் கட்டியது. ஒரு மாதம் இப்படியே போனது என்று நினைக்கிறேன்.

என்னை மறுபடி வரைய வைத்தது நல்ல மனசு ஒன்றும் இல்லை. கோபம்.

ஒருநாள் டீ நேரத்தில் தையல்காரப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஓவர்லாக் அம்மிணி அந்தப் பச்சைக் காலை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பல் வந்தவர் பல்லைக் கொண்டுபோயிருக்கிறார். இரண்டு வீட்டிலும் குழந்தைகள் இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்க ஊட்டுல அது மெட்ராசுக்கு ரயிலேறிருச்சுங்க," என்றார் பல்லை வைத்திருந்தவர். "என்ர பையன் ரயிலு இல்லாட்டி சோறு திங்க மாட்டீங்கறான்."

"எங்க ஊட்டுல அதுக்குக் கல்யாணம் நடக்குதுங்க," என்றார் ஓவர்லாக் அம்மிணி. "காலு மட்டும் இருந்துதா, செரி, பொண்ணு பாக்க நடந்து போவுதுன்னு சொல்லிப்போட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. "அது கல்யாணத்துக்குப் போகலீங்க. பனியன் வாங்கப் போகுது," என்றேன்.

"அட, அப்படீங்களா? வாங்குச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"நீங்க முடிக்காம உட்டீங்கன்னா நாங்க முடிச்சுக்குவோமுங்கண்ணா. கொழந்தைக கேக்குதுகல்ல," என்று சொல்லிவிட்டு அவர் டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் முழுக்க எனக்கு இதே நினைப்பு. என் முதலை மெட்ராசுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. என் முதலைக்கு யாரோ பெண் பார்க்கிறார்கள். இத்தனைக்கும் எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்திருக்கக் கூடாது. ஆனால் வந்தது. அந்தக் கோபம் வந்தவுடனே விரல் பென்சிலைத் தேடியது.

இப்போது மனசு வந்தது, நேரம் போய்விட்டிருந்தது. கம்பெனிக்கு அடுத்தடுத்து வேலை வந்து, முதலாளி இரும்பு ரேக் வாங்கிப் போட்டுவிட்டார். துணி ரேக்கில் ஆறும், அதற்குள் முந்தின நாள் துணி மேசைக்கு வந்துவிடும். மேசை மூச்சு விடவில்லை. வீட்டில் விரித்தால் தம்பி அதன் மேல் தவழ்ந்து போய் ஆற்றைக் கசக்கிவிடுவான். ஒரு வாரம் யோசித்துவிட்டு முதலாளியிடம் போய் நின்றேன்.

"ஒரு விசயம் கேக்கோணுங்க."

"லீவுங்களா மாஸ்டர்?"

"இல்லீங்க. மேசை வேணுங்க. ஞாயித்துக்கெழம மட்டும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வெளிவேல எடுத்திருக்கறீங்களாட்ட இருக்குது. எந்தக் கம்பெனிதுங்க?"

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மேசை கேட்டால் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. "வெளிவேல இல்லீங்க. முதலைங்க," என்றேன்.

"அந்தப் பல்லுக்கார முதலையா? அதை நீங்கதான் வரஞ்சீங்களா?" என்றார். பிறகு சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். "மெஷின் சுவிட்ச் எதும் போடாதீங்க, ஃபேன் மட்டும் போட்டுக்குங்க. புதுப் பேப்பர் எடுத்துக்குங்க மாஸ்டர். இனி மார்க்கர் முதுகுல எதும் வரையாதீங்க. முதலைக்கு நம்ம கம்பெனி லேபிளு வெச்ச பனியனாப் போட்டு உடுங்க, போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் நான் இன்றைக்கும் அதிகம் நினைத்துக்கொள்வது. கறிக்கடையில் நின்று வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு, பாப்பாவைச் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போவேன். மெஷின்களெல்லாம் துணி போர்த்திக்கொண்டு நிற்கும். தகரத்தின் மேல் மைனாக்கள் நடக்கிற சத்தம் தெளிவாகக் கேட்கும். பாப்பா மேசை மேல் ஏறிக் குப்புறப் படுத்துக்கொண்டு ஆற்றுக்கு நீலம் தீட்டுவாள். நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற பிள்ளையும் இல்லை அவள்.

"பனியன்ல வால எங்கீங்கப்பா உடறது? கழுத்து வழியாவா?"

"ஓட்டை போட்டுக்கலாம் சாமி."

"ஓட்டை போட்டா பிரிஞ்சுக்குமுங்க. வாலுக்கும் ஒரு கை வெச்சுத் தெச்சுருங்க."

மூன்று கை வைத்த பனியன். எனக்கு இருபது வருடம் யோசித்தாலும் அது வந்திருக்காது. ஓவர்லாக் அம்மிணியின் கல்யாணத்தையும் விடவில்லை. ரோட்டோரம் ஒரு கல்யாண மண்டபத்தில் முதலை பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் திருப்பூருக்கு வந்தது. ரயிலைத் தூரத்தில் போக விட்டேன். முதல்தரம் வரைந்ததைவிட இரண்டாம்தரம் நன்றாக வந்தது என்று சொன்னால் விருதுநகர்த் தம்பிக்கு நிம்மதியாக இருக்கும், அது உண்மையும்கூட.

மழை ஆரம்பிக்கிற சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு முன்னால், முதலை மூன்று கைப் பனியனைப் போட்டுக்கொண்டு கம்பெனி வாசலில் நின்றது. அதற்கு அப்பால் பேப்பரும் இல்லை, கதையும் இல்லை. நான் பென்சிலைக் கீழே வைத்தேன். பாப்பா மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.

பேப்பரைச் சுருட்டாமல் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை காலை, மணி அடிப்பதற்கு முன்னால் தையல்காரப் பெண்கள் மேசையைச் சுற்றிவிட்டார்கள். உட்கார்ந்து படிக்க முடியாது, நடந்துதான் படிக்க வேண்டும். அணையிலிருந்து வரிசையாக ஒருவர் பின் ஒருவர் நடந்தார்கள். டீக்கடையில் கூட்டம் தேங்கியது. மண்டபத்தில் ஓவர்லாக் அம்மிணி நின்று, "கல்யாணம் இருக்குதல்ல, நாந்தான் சொன்னனே," என்றார். டெம்போக்காரர் துணியை எங்கே இறக்குவது என்று வாசலிலிருந்து கேட்க, முதலாளி, "சித்த இருங்க, முதல இன்னும் வந்து சேரலீங்க," என்று சொல்லிவிட்டு அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நடந்தார். கடைசியில் போய் நின்று பனியன் கழுத்தில் லேபிள் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இருந்தது.

விருதுநகர்த் தம்பி இரண்டு தரம் நடந்தார். பல்லைக் கொண்டுபோனவர் மட்டும் முதலையின் எதிரில் நின்று, தைக்கப் போகிற பீஸைப் பார்ப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, முன்னங்காலுக்கு ரெண்டு கை, வாலுக்கு ஒரு கை. பின்னங்காலு ரெண்டையும் எங்கீங்க உடறது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் வந்து இதைச் சொன்னேன். பாப்பா வாசலில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலேயே சொன்னாள், "அது அதுக்குத் தனியா டவுசர் வாங்கிக்குமுங்கப்பா."